412-ஆ, 263-ஆ? விளம்பரக் கிளிக்கைச் சரியாக எண்ணுவது எப்படி

கேள்வி:

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறேன். மதுரைச் சமையல், கோயில் விழாக்கள், பழைய தெருக்கள் பற்றி எனக்கென்று ஒரு இணையதளம் வைத்து எழுதிவருகிறேன். பேரன் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் அமைத்துக் கொடுத்தது. கூகுள் விளம்பரமும் ஓடுகிறது; வருமானம் சொற்பம். இந்தச் சித்திரையில், விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் நேரடியாக ஒரு விளம்பரம் கொடுத்தார். ஒரு கிளிக்குக்கு 5 ரூபாய் என்று வாய்ப்பேச்சு. சித்திரை முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை என் தளத்தில் உள்ள கவுண்ட்டர் 412 கிளிக் காட்டியது. கடையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பியோ 263 பேர்தான் வந்தார்கள் என்கிறார். மாணவர், "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று 2,060 ரூபாயையும் எடுத்து நீட்டினார். நான் வாங்காமல் வந்துவிட்டேன். விளம்பர லிங்க்கை எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தேன், அது தப்பா? இரண்டு கணக்கில் எது சரி? இனிமேல் பிசகில்லாமல் எண்ண என்ன செய்யவேண்டும்? கூகுள் விளம்பரத்தில் விழும் கிளிக்கையும் இதே கவுண்ட்டரால் எண்ண முடியுமா?

பதில்:

அம்மா, பணத்தை வாங்காமல் திரும்பி வந்தீர்கள் பாருங்கள், அது சரியான காரியம். அதற்காக உங்கள் கவுண்ட்டர் பொய் சொன்னது என்றோ, அந்தத் தம்பி சொன்னது மெய் என்றோ முடிவுகட்டிவிடாதீர்கள். மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கத்துச் சிறு கடைகளுக்கு இந்தக் கணக்கைப் பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். விளம்பரம் போட்டவர் கணக்கும் கொடுத்தவர் கணக்கும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போன மாதத்தை நான் பார்த்ததில்லை. உங்கள் விஷயத்தில் இரண்டு எண்ணுமே நிஜம் இல்லை என்பது என் கணிப்பு. உங்களுடையது கூட்டிக் காட்டுகிறது. அவருடையது குறைத்துக் காட்டுகிறது.

ஒருவர் உங்கள் பக்கத்தில் சேலை விளம்பரத்தைத் தொட்டதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அவருடைய போன் முதலில் உங்கள் தளம் இருக்கும் சர்வரைத்தான் கேட்கிறது. உங்கள் பிளக்இன், அதாவது வேர்ட்பிரஸில் சேர்த்திருக்கும் அந்தக் கவுண்ட்டர் நிரல், அதை ஒரு கிளிக் என்று குறித்துக்கொண்டு கடையின் முகவரியைக் கொடுத்து அனுப்புகிறது. போன் அங்கே போகிறது. கடைப் பக்கம் இறங்குகிறது, சேலைப் படங்கள் இறங்குகின்றன, அவற்றோடு வருகையை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸின் சிறு நிரல் ஒன்றும் இறங்கி, ஓடி, ஒருவர் வந்தார் என்று கூகுளுக்குச் சேதி சொல்கிறது. அதற்குப் பிறகுதான் அந்தத் தம்பி பார்க்கும் அறிக்கையில் ஒன்று கூடும். நீங்கள் மாட்டுத்தாவணியில் கிழித்த டிக்கெட்டை எண்ணுகிறீர்கள், அவர் பெரியார் நிலையத்தில் இறங்கிய தலையை எண்ணுகிறார். நடுவில் சிம்மக்கல்லில் இறங்கிப் போனவர்களை யார் கணக்கில் வைப்பது என்பதுதான் உங்கள் இருவருக்கும் உள்ள தகராறு.

முதலில் அவர் பக்கத்தைப் பார்த்துவிடுவோம், அங்கேதான் சுலபமான தவறுகள் இருக்கும். "263 பேர்" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் 'பேர்' எனக்கு இடிக்கிறது. கூகுள் அனலிட்டிக்ஸைத் திறந்ததும் முகப்பில் கண்ணில் படுவது யூசர், அதாவது ஆள் எண்ணிக்கை. ஒரே அம்மாள் திங்கட்கிழமை பார்த்து, புதன்கிழமை மகளிடம் காட்டி, வெள்ளிக்கிழமை விலை பார்க்க மறுபடி வந்தால் உங்களுக்கு மூன்று கிளிக், அவருக்கு ஒரு ஆள். செஷன் என்கிற வருகைக் கணக்கைப் பார்த்தாலும் முழுசாக ஒத்துவராது. அரை மணி நேரத்துக்குள் ஒருவர் இரண்டு தடவை வந்தால் அது பெரும்பாலும் ஒரே வருகையாகத்தான் விழும். ஆகவே அவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, எந்தப் பத்தியைப் பார்த்தீர்கள் தம்பி, யூசரா செஷனா என்பது.

இரண்டாவது கேள்வி தேதி. நீங்கள் தமிழ் மாதத்தை எடுத்திருக்கிறீர்கள். சித்திரைக்கு 31 நாள் வரை வரும். அனலிட்டிக்ஸ் அறிக்கையில் தேதியை மாற்றாமல் விட்டால் தானாகக் காட்டுவது கடைசி 28 நாள். அவர் அதை அப்படியே படித்திருந்தால் மாதத்தின் முதல் சில நாள்கள் கணக்கிலேயே இல்லை. உங்கள் வாசகர் எல்லாரும் கொடியேற்றத்தையும் திருக்கல்யாண நேரத்தையும் தேடி வந்த நாள்கள் அந்த இடைவெளியில் மாட்டியிருந்தால், போனது சாதாரண நாள் கணக்காக இராது. நேர மண்டலத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அனலிட்டிக்ஸ் கணக்கைத் தொடங்கும்போது இந்திய நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் அது அமெரிக்கப் பசிபிக் நேரத்திலேயே நாளை வெட்டும். உங்கள் சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடினால் அதற்கு நாள் பிறப்பது நமக்குக் காலை 5.30 மணிக்கு. மொத்த மாதத்தில் இது பெரிய வித்தியாசம் தராது, ஆனால் நாள்வாரியாக ஒப்பிட உட்கார்ந்தீர்கள் என்றால் பைத்தியம் பிடித்துவிடும்.

இந்த இரண்டையும் சரிசெய்த பிறகும் அவர் கணக்கு குறைவாகத்தான் இருக்கும். விளம்பரத் தடுப்பான் போட்டிருப்பவர்கள், பிரேவ் மாதிரி பிரவுசர் வைத்திருப்பவர்கள் கடைக்கு வந்து சேலையெல்லாம் பார்த்திருப்பார்கள், ஆனால் அந்தக் கூகுள் நிரல் ஓடியிருக்காது. கடைப் பக்கம் இறங்க நேரம் பிடித்ததால் பொறுமையில்லாமல் பின்னால் போனவர்களும் உங்கள் கணக்கில் உண்டு, அவர் கணக்கில் கிடையாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளை நினைத்துப் பாருங்கள். கோரிப்பாளையத்திலிருந்து ஆழ்வார்புரம் வரை கால் வைக்க இடமில்லாத கூட்டம், அத்தனை பேர் கையிலும் போன், டவர் திணறுகிறது. அன்றைக்கு உங்கள் தளத்தில் எந்த மண்டகப்படியில் அழகர் எப்போது என்று பார்த்தவர் விளம்பரத்தைத் தொட்டிருந்தால் அந்தத் தொடுகை உங்கள் சர்வரைத் தட்டியிருக்கும். படம் படமாகச் சேலை அடுக்கிய கடைப் பக்கம் பாதி இறங்குவதற்குள் அவர் வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பார். கடைக்காரத் தம்பிக்கு ஒரு யோசனை சொல்லலாம்: விளம்பரத்திலிருந்து வந்து இறங்கும் பக்கத்தில் நான்கு படம் போதும், அதையும் சுருக்கிப் போடட்டும். கணக்கும் ஒட்டி வரும், வியாபாரமும் நடக்கும்.

இனி உங்கள் பக்கம். இதைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் காசு கேட்பது நீங்கள்.

பிளக்இன் காட்டும் ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். அதற்குக் கீழே இருக்கும் மூல லாக்கை, அதாவது சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவேட்டை, பாருங்கள். உங்கள் தளத்துக்கு இடம் கொடுக்கும் ஹோஸ்டிங்கில் சி-பேனல் என்ற நிர்வாகப் பக்கம் இருந்தால் 'ரா ஆக்சஸ்' என்ற இடத்தில் அது கிடைக்கும். பேரனைக் கூட உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளிக்கும் அதில் ஒரு வரி. வரியின் தொடக்கத்தில் ஐபி முகவரி, அதாவது வந்தவரின் இணைய இணைப்புக்கான எண், அடுத்து தேதியும் நேரமும், அடுத்து கேட்ட லிங்க், அதன்பின் வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டதைக் குறிக்கும் 302 அல்லது 301 என்று ஒரு எண், அப்புறம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்கிற ரெஃபரர், கடைசியில் யூசர் ஏஜென்ட், அதாவது வந்தது இன்ன பிரவுசர் என்று அதுவே சொல்லிக்கொள்ளும் அறிமுகம். சேலைக் கடை லிங்க் உள்ள வரிகளை மட்டும் பிரித்து எக்செல் தாளில் போட்டு, கடைசிப் பத்தியை வைத்து வரிசைப்படுத்துங்கள்.

சில வரிகள் யார் என்று தாமாகவே சொல்லிவிடும். கூகுள்பாட், பிங்பாட், ஏரெஃப்ஸ்பாட், செம்ரஷ்பாட், ஜிபிடிபாட். இவை எல்லாம் இணையத்தைச் சுற்றிச் சுற்றிப் படிக்கும் நிரல்கள், சேலை கட்டுவதில்லை. வாட்ஸ்அப் என்றே பெயர் சொல்லும் வரியும் இருக்கும். குழுவில் ஒருவர் லிங்க்கை ஒட்டும்போது கீழே சின்னப் படத்தோடு ஒரு முன்னோட்டம் வருகிறதே, அதை எடுத்துவர ஆப் தானே ஒரு தடவை உங்கள் லிங்க்கைத் தட்டும். பிளக்இன் அதையும் கிளிக் என்று எண்ணியிருக்கலாம். சில வரிகள் மனித வேஷம் போட்டிருக்கும். குரோம் என்று சொல்லிக்கொள்ளும். ஆனால் நேரத்தைப் பாருங்கள், நடுச்சாமம் கழிந்து மூன்று மணி, ஒரே முகவரி, உங்கள் தளத்தில் இருக்கிற அத்தனை லிங்க்கையும் நொடிக்கு ஒன்றாகத் தொட்டுக்கொண்டே போயிருக்கும். ரெஃபரர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும். உங்கள் பக்கத்தைப் படித்து, அங்கிருந்து விளம்பரத்தைத் தொட்ட மனிதர் என்றால் அந்த இடத்தில் பெரும்பாலும் உங்கள் தளத்தின் முகவரியே இருக்கும். பருத்திப்பால் பற்றி நீங்கள் எழுதிய பக்கம், கறிதோசைப் பக்கம் என்று எந்தக் கட்டுரை வியாபாரம் கொண்டுவருகிறது என்றுகூட அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் இரட்டைத் தொடுகை. பக்கம் வரத் தாமதமானால் மறுபடி மறுபடி தட்டுவது எல்லாருக்கும் கைவந்த பழக்கம். ஒரே முகவரி, ஒரே யூசர் ஏஜென்ட், சில நொடி இடைவெளியில் இரண்டு மூன்று வரி என்றால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழியுங்கள். முப்பது நொடி என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஐபி முகவரியை மட்டும் வைத்துக் கழித்துவிடாதீர்கள். இங்கே செல்போன் நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளரை ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. வில்லாபுரத்தில் ஒருவரும் மேலூரில் ஒருவரும் ஒரே முகவரியில் வரலாம். ஒரு முகவரிக்கு நாளைக்கு ஒரு கிளிக்தான் என்று கறாராக வெட்டினால் உண்மையாக வந்தவர்களையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள், அது உங்களுக்கே நஷ்டம்.

உங்கள் சொந்தத் தொடுகைகளையும் கழிக்கவேண்டும். விளம்பரம் சரியாக வேலை செய்கிறதா என்று நீங்களும் பேரனும் தட்டிப் பார்த்திருப்பீர்கள். வீட்டு இணைப்பின் ஐபி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் முகவரியை வைத்து ஒதுக்குவது நிலைக்காது. உங்கள் போனிலும் கணினியிலும் ஒரு குக்கி, அதாவது பிரவுசரில் தங்கும் சிறு அடையாளக் குறிப்பு, போட்டு, அந்தக் குக்கியோடு வரும் கிளிக்கை எண்ணாதே என்று பிளக்இன்னுக்குச் சொல்வது நல்லது. வேர்ட்பிரஸில் உள்நுழைந்திருப்பவரின் கிளிக்கை விட்டுவிடும் வசதி பல பிளக்இன்களில் இருக்கிறது, அதை முடுக்கினாலே பாதி வேலை முடிந்தது.

லாக்கில் 301 என்று இருந்தால் வேறு ஒரு சிக்கல், இது உங்கள் கணக்கைக் குறைக்கும். 301 என்றால் 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டது' என்று பிரவுசருக்குச் சொல்வது. அது அந்தச் சேதியை மனத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை உங்கள் சர்வரைக் கேட்காமலே நேரே கடைக்குப் போய்விடலாம். இரண்டாம் முறை தொட்டது உங்களுக்குத் தெரியாமலே போகும். விளம்பர லிங்க் எப்போதும் தற்காலிகத் திருப்பம் என்று சொல்லும் 302 ஆக இருக்கட்டும், கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், வைக்காதே என்ற குறிப்போடு போகட்டும். தளம் வேகமாக ஓட கேஷ் பிளக்இன் ஏதாவது போட்டிருந்தால் அந்த லிங்க் பாதையை அதிலிருந்து விலக்கிவையுங்கள். இல்லாவிட்டால் கேஷே பதில் சொல்லி அனுப்பிவிடும், கவுண்ட்டர் தூங்கும்.

நிரல்கள் உள்ளே வருவதைக் குறைக்க, எதைத் தொடக் கூடாது என்று அவற்றுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் விளம்பர லிங்க் பாதையைத் தடை செய்யுங்கள். ஒழுங்கான நிரல்கள் அதை மதிக்கும், மற்றவை மதிக்காது. கழிக்கும் வேலை இருக்கவே இருக்கும். காசு வாங்கிப் போட்ட லிங்க் என்பதைக் கூகுளுக்குத் தெரிவிக்கும் 'ஸ்பான்சர்ட்' என்ற அடையாளத்தையும் லிங்க்கில் சேர்த்துவிடுங்கள். கூகுள் 2019-இல் கொண்டுவந்தது அது. எண்ணுவதற்கு உதவாது என்றாலும், தேடலில் உங்கள் தளத்துக்குக் கெட்ட பெயர் வராமல் இருக்க அது தேவை.

வாட்ஸ்அப்பில் போட்டது தப்பில்லை, ஆனால் அதே லிங்க்கைப் போட்டதுதான் வினை. குழுவில் இருந்து வந்தவரும் உங்கள் கட்டுரையைப் படித்து வந்தவரும் ஒரே எண்ணில் கலந்துவிட்டார்கள். உங்கள் மாணவர் காசு கொடுக்க ஒத்துக்கொண்டது தளத்தில் போடும் விளம்பரத்துக்கு. அடுத்த முறை தளத்துக்கு ஒரு லிங்க், குழுவுக்கு ஒரு லிங்க் என்று தனித்தனியாக வையுங்கள். இரண்டின் வாலிலும் எங்கிருந்து வந்தவர் என்று சொல்லும் யூடிஎம் குறிகளைச் சேர்த்துவிட்டால் கடைக்காரர் அனலிட்டிக்ஸில் உங்கள் தளத்தின் பெயரும், கிளிக் வந்த வழியும், விளம்பரத்தின் பெயரும் தனித்தனியாகத் தெரியும். இப்போது அந்தக் குறி இல்லையென்றால், உங்களிடமிருந்து போனவர்களில் ஒரு பகுதியினர் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாமல் அவருடைய அறிக்கையில் 'டைரக்ட்' என்ற தலைப்பில் போய் விழுந்திருக்க வாய்ப்புண்டு. அந்த 263-இல் அவர்கள் சேர்த்தி இல்லை. குறி போட்ட பிறகு நீங்களே ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். கடைப் பக்கம் திறந்ததும் மேலே முகவரிப் பட்டையில் அந்த வால் அப்படியே இருக்கவேண்டும். சில தளங்கள் உள்ளே நுழையும்போதே வேறு முகவரிக்குத் திருப்பிவிடும், அந்தத் திருப்பத்தில் வால் அறுந்துபோவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

கழித்துப் பார்க்க ஐபி முகவரி வேண்டும் என்றேன். அதற்காக அதை வருஷக்கணக்கில் சேர்த்துவைக்காதீர்கள். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும், உங்களைப் படிக்க வந்தவர் இன்னார் என்று துப்பறிய நமக்கு எந்த உரிமையும் இல்லை. மாதக் கணக்கு முடிந்து ரசீது கொடுத்தானதும் முகவரிப் பத்தியை அழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாணவருக்கு வேண்டியது கிளிக் அல்லவே அம்மா, சேலை விற்கவேண்டும். நம்ம ஊர்க் கடைகளில் பெரும்பாலும் வியாபாரம் வெப்சைட்டில் முடிவதில்லை. படத்தைப் பார்ப்பார்கள், போன் போடுவார்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் "இந்த அரக்குக் கலர் இருக்கா" என்று கேட்பார்கள், சனி ஞாயிறில் நேரே வந்து தொட்டுப் பார்த்து வாங்குவார்கள். அதனால் விளம்பரத்தில் வெப்சைட் லிங்க்கோடு வாட்ஸ்அப் பொத்தான் ஒன்றும் வையுங்கள். அதைத் தொட்டதும் கடையின் எண்ணுக்குச் செய்தி திறக்கும். அதில் முன்கூட்டியே ஒரு வரி எழுதிவைக்க வசதி உண்டு. "உங்கள் சுங்குடி விளம்பரத்தை டீச்சர் தளத்தில் பார்த்தேன்" என்று இருக்கட்டும். அனுப்பியவர் எத்தனை பேர் என்று கடையில் உட்கார்ந்து விரல்விட்டே எண்ணிவிடலாம், அனலிட்டிக்ஸ் தேவையில்லை. நேரே போன் போடும் பொத்தானும் வைத்தால், அதைத் தொட்டதும் பிரவுசரைத் தாண்டி டயலர் திறந்துவிடும் என்பதால் திருப்பிவிடும் லிங்க் அதற்குச் சரிப்படாது. தொட்ட அந்தக் கணமே பின்னணியில் சர்வருக்குச் சேதி அனுப்பும் 'சென்ட்பீக்கன்' என்ற வழி ஜாவாஸ்கிரிப்ட்டில் இருக்கிறது, பேரனுக்குத் தெரிந்திருக்கும். நேரில் வருகிறவர்களுக்கு, உங்கள் தளத்தின் பெயரைச் சொன்னால் சிறு தள்ளுபடி என்று அறிவிக்கச் சொல்லுங்கள். கல்லாவில் ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தால் போதும். நான் பார்த்தவரை கடைக்காரர்கள் கடைசியில் நம்புவது அந்த நோட்டைத்தான், அதில் அவர்கள் மேல் தப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விளம்பரத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 'அடுத்த பக்கம்' பொத்தானுக்கு ஒட்டினாற்போலவோ, போன் திரையின் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும்படியோ இருந்தால் கைதவறித் தொட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களும் மனிதர்கள்தான், லாக்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் கடைப் பக்கத்தைப் பார்த்ததும் விலகி ஓடியிருப்பார்கள். அந்தத் தம்பியிடம் 'எங்கேஜ்டு செஷன்' எவ்வளவு என்று கேளுங்கள். பத்து நொடிக்கு மேல் இருந்தவர்கள், இரண்டு பக்கமாவது பார்த்தவர்கள் அந்தக் கணக்கில் வருவார்கள். மொத்த வருகையில் அது மிகவும் குறைவாக இருந்தால் விளம்பரத்தை இடம் மாற்றுங்கள். கிளிக் குறையும், குறையட்டும்.

கூகுள் விளம்பரத்தை உங்கள் கவுண்ட்டரால் எண்ண முடியாது. அந்த விளம்பரம் உங்கள் பக்கத்துக்குள் தெரிந்தாலும், அது கூகுள் சர்வரிலிருந்து வரும் தனிப் பெட்டி. அதற்குள் நடப்பதை வெளியே இருக்கும் நிரல் பார்க்கக் கூடாது என்று பிரவுசரே பூட்டிவைத்திருக்கிறது. பிரவுசரின் ஃபோகஸ், அதாவது கவனம், அந்தப் பெட்டிக்குள் போனதை வைத்துக் குத்துமதிப்பாக ஊகிக்கும் நிரல்கள் உலவுகின்றன. அவற்றைப் போடாதீர்கள், கணக்கும் தேறாது, கூகுளின் விளம்பர நிரலோடு எதையாவது கோத்துவிட்டால் விதிமீறலில் போய் முடியும். தளங்களுக்குக் கூகுள் விளம்பரம் தரும் ஆட்சென்ஸ் சேவையின் அறிக்கையில் இருப்பதுதான் உங்களுக்குக் கணக்கு. வேண்டுமானால் அதை அனலிட்டிக்ஸோடு இணைத்து எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு என்று பார்க்கலாம். மாதத்தின் நடுவில் அங்கே தெரியும் தொகை உத்தேசம்தான். செல்லாத கிளிக்கை எல்லாம் கழித்து அடுத்த மாதத் தொடக்கத்தில் இறுதி செய்வார்கள், 100 டாலர் சேர்ந்தால்தான் கைக்கு வரும். தமிழ்ப் பக்கங்களுக்கு ஆட்சென்ஸ் கிடைக்கத் தொடங்கியதே 2018-இல்தான், கிடைத்ததை விட்டுவிடக் கூடாது. உங்கள் விளம்பரத்தை நீங்கள் தொடாதீர்கள். வீட்டில் இருப்பவர்களிடமோ குழுவிலோ "ஒரு கிளிக் பண்ணி விடுங்க" என்று பாசத்தில்கூடச் சொல்லிவிடாதீர்கள். கணக்கையே முடக்கிவிடுவார்கள், திரும்பக் கிடைப்பது அரிது.

இப்போது உங்கள் மாணவரோடு உள்ள பேச்சுக்கு வருகிறேன். பெரிய நிறுவனங்களுக்கு இடையிலும் இதே தகராறு தினமும் நடக்கிறது. அமெரிக்காவில் ஐஏபி என்ற இணைய விளம்பர அமைப்பும் விளம்பர ஏஜென்சிகளின் சங்கமும் சேர்ந்து ஒரு பொது ஒப்பந்தப் படிவம் வைத்திருக்கின்றன. அதன்படி, யாருடைய கணக்கை வைத்துப் பணம் என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளவேண்டும். இருவர் கணக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால்தான் உட்கார்ந்து ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். பத்து சதவீதம் வரை விலகுவது இந்தத் தொழிலில் சகஜம் என்று அவர்களே வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? 412-க்கும் 263-க்கும் நடுவில் உள்ளது அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே ஒப்பிடத்தான் வேண்டும்.

ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். எண்ணுவது உங்கள் சர்வர் லாக். நிரல், இரட்டைத் தொடுகை, சொந்தத் தொடுகை ஆகியவற்றைக் கழித்த எண்ணுக்குத்தான் பணம். மாதம் என்பது இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இந்திய நேரம். கேட்டால் லாக்கைக் காட்டவேண்டும். அவ்வளவுதான். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்ற வார்த்தை அவர் உங்கள் மேல் வைத்த மரியாதை, அதன் மேல் கணக்கை ஏற்றவேண்டாம்.

கிளிக்குக்கு இவ்வளவு என்ற பேச்சையே விட்டுவிடுங்கள் என்பது என் சொந்தக் கருத்து. மாதம் இவ்வளவு, இந்த இடத்தில் விளம்பரம் நிற்கும், கிளிக் கணக்கை நான் தனியாகத் தருகிறேன், பிடித்திருந்தால் அடுத்த மாதமும் தொடருங்கள் என்று சொல்லிவிடுங்கள். கிளிக்குக்குக் காசு என்றால் எண்ணுகிறவருக்கே காசு போகிறது. எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கைதவறித் தொடும் இடத்துக்கு விளம்பரத்தை நகர்த்தலாமா என்று ஒரு நாள் தோன்றும். உங்களை மாதிரி நாற்பது வரி எழுத ஒரு வாரம் தெருத்தெருவாக அலைகிறவருக்கு அந்தக் கவலை வேண்டாம்.

இந்தச் சித்திரைக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. லாக்கை இன்றைக்கே இறக்கிவிடுங்கள், பல ஹோஸ்டிங்கில் பழைய லாக் கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும். மேலே சொன்னபடி கழியுங்கள். ரெஃபரர் இல்லாமல், ஆனால் மனிதர் மாதிரியே தெரியும் வரிகள் சில தேறும், வாட்ஸ்அப் குழுவில் இருந்து வந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். தனியாக எடுத்துவையுங்கள், பணம் கேட்கவேண்டாம், எத்தனை என்று மட்டும் சொல்லுங்கள். அந்தத் தம்பியிடம் சித்திரை முழுவதற்குமான செஷன் கணக்கை வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் இப்போது இருப்பதைவிட எவ்வளவோ நெருங்கி வந்திருக்கும். உங்கள் தாளில் என்ன எண் நிற்கிறதோ அதை ஐந்தால் பெருக்கி, கழித்தவற்றையும் காட்டி ஒரு ரசீது எழுதி, கூட்டம் இல்லாத காலை நேரமாகப் பார்த்துக் கடைக்கு நேரில் எடுத்துப் போங்கள். 2,060-க்குக் குறைவாகத்தான் வரும், 1,315-க்குக் கீழே போகாது என்று நினைக்கிறேன். அந்தத் தொகையை அவர் எடுத்துக் கொடுத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.